கோட்டைப் புள்ளிமானும் பொன் விகிதமும்: உங்களுக்கு நடந்தது என்ன?

உப்புவெளிக்காரன்:
திருகோணமலைக் கோட்டைக்குள் புள்ளிமானைப் படம் எடுக்காதவர் இங்கே இருக்கமாட்டீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி, விடிந்து கொஞ்ச நேரம், தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வாயோரத்தில் பால் நுரை, காதுமடலுக்குள் வெயில் சிவப்பாக இறங்கியிருந்தது. நத்தை ஓடு, சூரியகாந்தி என்று எங்கும் பொன் விகிதம் 1.618தான் எனப் படித்துப் படித்து ஊறிப்போயிருந்ததால், கண் சரியாகப் படத்தின் அகலத்தை அந்த விகிதத்தில் பிரிக்கும் 61.8 சதவீதக் கோட்டில் விழவேண்டும் என்று கமராவை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே நின்றேன். பின்னால் ஓட்டோ ஒன்று வந்துவிட்டது. படத்தில் இருப்பது தாயின் பின்னங்கால் மட்டும்தான். இரண்டு வருடமாகியும் அழிக்க மனம் வரவில்லை.

கடல்பக்கம்:
தம்பி, நத்தையை இதில் சேர்க்காதீர்கள். எல்லோரும் காட்டுகிற அந்த நாட்டிலஸ் என்ற கடலுயிரியின் ஓடு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 3 மடங்குதான் விரிகிறது, கால் சுற்றுக்கு 1.618 மடங்கு விரியும் பொன் சுருளென்றால் 6.85 மடங்கு விரியவேண்டும். எனக்கு நடந்தது சின்ன விஷயம்: புறாமலைத் தீவில் செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று காலருகே திரும்பியது, கோடு எதுவும் நினைவில் இல்லை, அமுக்கிவிட்டேன், கண் நட்டநடுவில் விழுந்தது, அந்தப் படம்தான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இனி இப்படிச் செய்யுங்கள். விலங்கைச் சுற்றி இடம் விட்டு அகலமாக எடுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், அது தவறினால் வீட்டில் திருத்த முடியாது. கோடுகளையெல்லாம் அப்புறம் படத்தை வெட்டும்போது பார்க்கலாம். மூன்றிலொரு பங்குக் கோடு என்றால் 33.3 சதவீதம், பொன் கோடு 38.2 (மறுபக்கத்திலிருந்து பார்த்தால் 61.8), 6000 பிக்சல் அகலப் படத்தில் இரண்டுக்கும் நடுவே 300 பிக்சல்கூட இல்லை. மான் பார்க்கிற பக்கம் இடம் விடுங்கள், குனிந்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள், ஷட்டர் வேகம் 1/500 செக்கனைவிடக் குறையவேண்டாம், ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

அன்புவழிபுரம் அக்கா:
அண்ணா, நத்தை விஷயம் சரி, ஆனால் அதற்காக எல்லாமே கதை என்று ஆகிவிடாது. போன கிழமை மகளும் நானும் அன்னாசியின் கண்களுக்கு நகப்பூச்சால் புள்ளி வைத்து எண்ணினோம். ஒரு பக்கம் சாய்ந்த வரிசைகள் 8, மறுபக்கம் 13. வகுத்துப் பார்த்தால் 1.625. ஒவ்வொரு புதுக் கண்ணும் முந்தியதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைப்பதால் வருவது இது. அவள் நம்பாமல் முதலிலிருந்து எண்ணினாள், விரல் நடுங்க நடுங்க, திரும்பவும் 13. அதன்பிறகு பழத்தை வெட்ட விடவில்லை, மூன்று நாளாக மேசையில் இருக்கிறது, வீடு முழுக்க அன்னாசி மணம்.