டெல்லியிலிருந்து பாக்டோக்ரா போனால் இடது ஜன்னல்தான்

டார்ஜிலிங், சிக்கிம் போக நினைப்பவர்கள் டெல்லி வழியாக டிக்கெட் போட்டிருந்தால், சிலிகுரி ஊருக்குப் பக்கத்து விமான நிலையமான பாக்டோக்ராவுக்குப் போகும் விமானத்தில் இடது பக்க ஜன்னலை, அதாவது ஏ வரிசையை, எப்பாடு பட்டாவது பிடித்துவிடுங்கள். கொல்கத்தா வழியாகப் போனால் இந்தக் காட்சி இல்லை. டெல்லியிலிருந்து விமானம் கிழக்கே போகும்போது இமயமலை நெடுக இடது பக்கமே கூட வருகிறது.

நான் போனது நவம்பரில். மழைக்காலம் முடிந்து தூசி அடங்கியிருக்கும் மாதம். பக்கத்து இருக்கையில் ஒரு சிலிகுரிக்காரர், ஊர் திரும்புகிறவர். ஏறியதும் தூங்கிவிட்டார். பாதி வழியில் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்தது, மேகம் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் மேகம் உருமாறும், இது அப்படியே நின்றது. சரியாக அப்போது அவர் கண் விழித்து, "தவுளகிரி, அடுத்து அன்னபூர்ணா" என்றார், பஸ் ஸ்டாப் பெயர் சொல்கிற அலட்சியத்தோடு!

எவரெஸ்ட் வந்தது கடைசியில், விமானம் இறங்கத் தொடங்கிய நேரத்தில். வெள்ளை வெளேர் என்று ஒரு சிகரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தெற்கிலிருந்து பார்க்கும்போது முன்னால் லோட்சே, நுப்ட்சே சுவர் மாதிரி மறைத்து நிற்க, அதற்குப் பின்னால் கறுத்த முக்கோணமாகத் தலை மட்டும் தெரியும். அதன் உச்சியிலிருந்து வலப்பக்கமாகப் பனி புகைபோல் பறந்துகொண்டிருந்தது. மேல்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அப்படி. சற்று வலப்பக்கம் தனியாக நிற்பது மகாலு. 8,485 மீட்டர் என்றாலும் பலர் அதைத்தான் எவரெஸ்ட் என்று போட்டோ எடுத்துப் போகிறார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் காஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். தரையிறங்கும்வரை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு எவரெஸ்டைவிட இதுதான் பிடித்தது, உயரத்தில் மூன்றாவது என்றாலும்.

வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு புதுமணத் தம்பதி எங்கள் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் அதற்கும் வழியில்லை. திரும்பும்போது வலது பக்கம் போடச் சொன்னேன்.

இடது பக்கத்தில் இன்னொரு லாபம், குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் வலது ஜன்னலில்தான் அடிக்கும். நமக்குக் கண் கூசாது, மலைமேல் வெளிச்சம் விழும். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம்? சென்னையிலிருந்து கொழும்பு போகும் காலை விமானத்தில் இந்தக் கணக்குப்படி வலது பக்கம் நல்லது. வெயில் இடப்பக்கம் போய்விடும், வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை மூக்கும் மன்னார்ப் பக்கத்து மணல்திட்டுகளும் வலப்பக்கம்தான்.

இறக்கை விஷயம் தெரிந்ததுதான், நடு வரிசைகளில் கீழே எதுவும் தெரியாது. முன் வரிசைகளுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். கடைசி வரிசைகள் மலிவு, பார்வைக்குக் குறையில்லை, ஆனால் எஞ்சினின் சூட்டுக் காற்று குறுக்கே வருவதால் ஜூம் போட்டால் படம் கலங்கலாக விழும். வெறுமனே பார்க்கப் போகிறவர்கள் பின்னால் உட்காரலாம், கேமராக்காரர்கள் முன்னால் காசு கொடுத்துவிடுங்கள். ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களில் இறக்கை மறைக்கும் தொல்லை குறைவு. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், நடு வரிசையில் உட்கார்ந்தால் சக்கரம் மடங்கி உள்ளே போவதைக்கூடப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த வரிசையையே கேட்டு வாங்குங்கள்.