கோணமாமலையை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தபோது: உங்கள் அனுபவங்கள்

கோட்டடியான்:
திருகோணமலையில் டச்சுக்குடாக் கரையில், படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்தை ஊன்றியவர்கள் இங்கே பலர் இருப்பதால் இடத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியபோது மலை ஊதா நிழலாக நின்றது. கறுப்பைத் தொடாமல், அல்ட்ராமரைன் நீலத்தோடு சிவப்பைக் கலந்து அகலத் தூரிகையால் மலையை முடித்துத் தண்ணீருக்கு வந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. அலையின் நெற்றியில் வெள்ளையையும் மஞ்சளையும் தடிப்பாக வைத்து, நன்றாக வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்த வேளையில், வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். "தம்பி, மலையில இன்னும் விடியேல்லை, தண்ணியில வெயில் ஏறிட்டுது" என்று சொல்லிவிட்டு வலைக்கே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் படம் அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

உப்புவெளிவாசி:
அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். 1872இல் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படத்தில், செம்மஞ்சள் சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு கொண்டவை. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சூரியன் மறைந்தே போகும். எந்தச் சூரியன் அப்படி இருக்கிறது? சீனன்குடாப் பக்கம் நான் துறைமுகத்துக் குன்றுகளை வரைந்தபோது, ஒரு சிறுமி நிழலைக் காட்டி, "மாமா, கீழ இருக்கிற மலை ஏன் உடைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன், "தண்ணி ஆடுதடி" என்றான் அவளுடைய அண்ணன்.

கச்சான்காற்று:
உப்புவெளிவாசியோடு நான் உடன்படவில்லை. 1890-91இல் வைக்கோற் போர்களை வரைந்த அதே மோனே, வெளிச்சம் மாறமாறக் கன்வஸையும் மாற்றினார். ஆகவே அவர் முதியவரின் பக்கமே நிற்கிறார். என் கதை சிறியது. நிலாவெளியில் கச்சான் வீசி, ஈர வர்ணம் முழுவதும் மணல் ஒட்டியது; ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறினேன். 1870இல் மோனே பிரான்சின் துறூவில் என்ற ஊர்க் கடற்கரையில் வரைந்த படத்திலும் மணல் அகப்பட்டிருப்பதை வீட்டில் ஆறுதலாகச் சொன்னேன். "அவரின்ரை மண்ணுக்கு விலை இருக்கு" என்றார் மனைவி.

ஆளிவிதை:
நான் கொட்டியாரக்குடாவை ஒருமுறை வரைந்தேன், மழை வந்தது, அவ்வளவுதான். ஆனால் கோட்டடியானின் அலுமாரி என்னை உறுத்துகிறது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். வெளிச்சம் படும் சுவருக்கு மாற்றினால் அந்த மஞ்சள் பெரும்பாலும் தெளியும். வர்ணம் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்தே இறுகுகிறது என்பதால், தடிப்பாக வைத்த அலை தொடுவதற்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே காயாமலே இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் வார்னிஷ் பூச வேண்டாம். மலையைத் திருத்துவதாயின் மேற்பூச்சில் கீழ்ப்பூச்சைவிட எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும். மாறிச் செய்தால் வெடிப்பு விழும். சிங்க் (துத்தநாக) வெள்ளையையும் தவிர்த்துவிடுங்கள், காலப்போக்கில் அது நொறுங்கும். தூரிகையை...

கோட்டடியான்:
ஆலோசனை கேட்கவில்லை, ஆனாலும் படத்தை விறாந்தைக்கு மாற்றிவிட்டேன். மலையைத் திருத்த இரண்டு விடியல் கரைக்குப் போனேன். இரண்டு நாளும் முகில். முதியவர் தோணியைத் தள்ளிக்கொண்டே, "இண்டைக்கு ரெண்டும் ஒரே நேரம்தான், தம்பி" என்றார்.