பாலியஸ்டர் தறிக்கூடத்துத் தூசு: நுரையீரலுக்கு என்ன ஆகும்?

நகரி_தறி:
ஏகாம்பரகுப்பம் பக்கம் எட்டு விசைத்தறி, பாவும் ஊடும் (நீள நூலும் குறுக்கு நூலும்) பாலியஸ்டர்தான். கூடத்தை ஒட்டியே வீடு. தார் (ஊடு நூல் கண்டு) சுற்றுற இடத்துல வெள்ளையா தூசு படியுது. சாயந்திரம் கம்ப்ரசர் வச்சு ஊதித் தள்ளுவோம். காத்துல பிளாஸ்டிக்னு சொல்றாங்களே, அது இதுதானா? மூக்குல துண்டு கட்டினா போதுமா?

தூசு_அளவை:
இதுவேதான் அண்ணா. ஆனா கண்ணுக்குத் தெரியிற பஞ்சை விடத் தெரியாததுதான் மோசம். பாலியஸ்டர் இழை பொதுவா 10–15 மைக்ரான் தடிமன் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). முழு இழை பெரும்பாலும் மூக்கு, தொண்டையிலேயே நின்னுடும். உராய்வுல உடையிற துணுக்குதான் உள்ளே இறங்கும். அசையாத காத்துல 10 மைக்ரான் துகள் 3 மீட்டர் கீழே வரக் கால் மணி நேரம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல ஆகும். தறி ஓடுற கூடத்துல இறங்கவே இறங்காது. கம்ப்ரசர் வச்சா படிஞ்சதெல்லாம் மறுபடி காத்துக்கு வந்து வீட்டுக்குள்ளயும் போகும். முதல்ல அதை நிறுத்துங்க.

மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, பழைய பருத்தி வேட்டியை நனைச்சு நல்லா பிழிஞ்சு துடைங்க. மோட்டார், ஸ்டார்ட்டர் பக்கம் ஈரம் வேண்டாம். அங்க ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசையும் பிடிக்கிற வடிகட்டி) உள்ள வேக்குவம்தான் சரி. சாதா வேக்குவம் நுண்தூசைப் பின்பக்கமாவே கக்கிடும். துடைச்ச தண்ணியைத் துணியில வடிகட்டிட்டு ஊத்துங்க.

துண்டு உதவாது, ஓரமெல்லாம் இடைவெளி. ஐ.எஸ். 9473 (இந்தியத் தர எண்) முத்திரையோட எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் அல்லது என்-95 மாஸ்க் வாங்குங்க, தலைக்குப் பின்னால ரெண்டு பட்டை போடுற வகை. தாடி இருந்தா ஓரம் ஒட்டாது. துவைக்கக் கூடாது, மூச்சு இழுக்கக் கனமா இருந்தா மாத்திடணும்.

தறி_மெக்கானிக்:
ஸ்பன் நூலா (குட்டை இழைகளை முறுக்கினது), ஃபிலமென்ட்டா (அறுபடாத நீள இழை)? ஸ்பன்ல குட்டை இழை முனைகள் இருக்கு, அதனால அதிகமா உதிரும். ஃபிலமென்ட் உதிர்ந்தா நூல் எங்கயோ அறுபடுதுன்னு அர்த்தம். தார் மெஷின்ல நூல் ஓடுற பீங்கான் வளையத்தை நகத்தால தடவிப் பாருங்க. பள்ளம் விழுந்திருந்தா மாத்துங்க. தறியில பாவு நூல் நுழையிற அச்சுப் பல், விழுது கண் ரெண்டையும் பாருங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுக்கு எதிர்ச் சுவர்ல, தார் மெஷின் உயரத்துலயே இருக்கணும். கூரையடியில போட்டா தூசு உங்க முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும்.

நுரையீரல்_பிரிவு:
அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பகுதியில் நைலான் துணுக்குகளைத் துணியில் ஒட்டும் ஆலைத் தொழிலாளர்களிடம் 1990-களில் நுரையீரல் திசு அழற்சி கண்டறியப்பட்டது. வேலையை விட்டபின் பலருக்குக் குறைந்தது. 2022-ல் இங்கிலாந்தில் 13 நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்ததில் 11-ல் நுண்பிளாஸ்டிக் இருந்தது. இருப்பது வேறு, அதனால் நோய் வருவது வேறு. இரண்டையும் குழப்பிப் பயப்பட வேண்டாம். ஆனால் தறிக்கூடத்தில் தூசின் அளவு சாதாரண வீட்டைப் போல இருக்காது.

வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குதல், வேலை நாளில் கூடி விடுமுறையில் குறைதல் இருந்தால் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) செய்யுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். சாதா எக்ஸ்-ரேயில் ஆரம்பக் கட்டம் தெரியாமல் போகலாம். என்ன நூல், எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்; பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

நகரி_தறி:
ஸ்பன்தான். கழிவு நூலைக் கொல்லையில கொளுத்திடுறோம். அது பரவாயில்லையா?

தூசு_அளவை:
கூடவே கூடாது அண்ணா. பாலியஸ்டர் எரிஞ்சா கரியோட கார்பன் மோனாக்சைடு, பென்சீன் வரும். நைலான் கலந்திருந்தா ஹைட்ரஜன் சயனைடு. பி.வி.சி. கவரும் சேர்ந்தா டையாக்சின். சாக்குல அடைச்சு வாயைக் கட்டி, கழிவு நூல் எடுக்கிறவங்ககிட்ட எடைக்குப் போடுங்க.