கனடா லாபியிங் (காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக அரசிடம் பேசுவது) பதிவு: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் முதியோர் நலச் சங்கம் ஒட்டாவாவில் ஓர் அமைச்சரைச் சந்தித்து நிதித்திட்டம் பற்றிப் பேச விரும்புகிறது. சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய ஓர் ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்கப் போகிறோம்.

கூட்டாட்சி லாபியிங் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு சந்திப்பை ஏற்பாடு செய்தாலே அவர் 10 நாட்களுக்குள் பதிய வேண்டும். சங்கத்தின் பெயரும், வாங்கிய அரசு நிதியும் பொதுவில் தெரியும். அது நியாயம்தான், யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, என் கேள்வி இதுதான்: ஆலோசகர் அறைக்குள் வராமல், சம்பளமில்லாத எங்கள் நிர்வாகிகள் மட்டும் பேசினால், சந்திப்புக்கு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஆலோசகர் தரும் மாத அறிக்கையில் அந்தச் சந்திப்பைக் காட்ட வேண்டுமா? இதைச் செய்து பழகியவர்கள் யாராவது வழிகாட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.