டிராகன் போட்: ப்ரூவரி ஆளுங்க 12 பேர், இன்னும் 5 வாரம்தான் இருக்கு, வழி சொல்லுங்க

மால்ட்மூட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சிங்கப்பூர்ல ஒரு சின்ன ப்ரூவரில பியர் காய்ச்சுற வேலைல இருக்கேன், எட்டு வருஷமாச்சு. ஜூன் ஜூலை வந்தா வேலை ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஏதாச்சும் ஒரு விளையாட்டுல இறங்குறது எங்க பழக்கம். முந்தின வருஷம் செந்தோசா சிலோசோ பீச்ல வாலிபால், போன வருஷம் கேப்டன்ஸ் பால், அதான் நாற்காலி மேல நிக்கிற கேப்டன் கைக்கு பந்தை வீசுற ஆட்டம். அதுல கெக் (பியர் அடைக்கிற உலோக பீப்பா) கழுவுற எங்க அக்கா, அம்பது வயசு தாண்டியாச்சு, நாற்காலி மேல ஏறி நின்னாங்கன்னா வர்ற பந்து எல்லாம் அவங்க கைலதான், இப்ப நெனச்சாலும் சந்தோஷமா இருக்கு. இந்த வருஷம் டிராகன் போட், அதான் மேளம் அடிச்சு எல்லாரும் சேர்ந்து துடுப்பு போடுற நீளப் படகு ரேஸ், போலாம்னு கெளப்பி விட்டதும் அதே அக்காதான்.

சின்ன போட்ல சேர்ந்திருக்கோம், துடுப்பு 10 பேர், மேளம் ஒருத்தர், சுக்கான் பிடிக்க கோச் வர்றாரு. மீதி ஒரு ஆளு எக்ஸ்ட்ரா, ஆனா சனிக்கிழமை காலைல டேங்க் பாத்துக்க யாராச்சும் ப்ரூவரில இருந்தே ஆகணும், அதனால வாரா வாரம் ஆள மாத்தி மாத்தி விட்டுட்டுப் போறோம். பயிற்சி காலாங் பேசின்ல, ரேஸ் 200 மீட்டர்.

எல்லாருமே நல்ல பலம் உள்ளவங்க. 25 கிலோ மால்ட் மூட்டையை ஒரு நாளைக்கு இருபது முப்பது தூக்குறோம், 30 லிட்டர் கெக் நெறஞ்சா 40 கிலோ கிட்ட வரும் அதையும் உருட்டுறோம், ஆனா போட்ல ஒக்காந்து இழுத்தா போட் தயங்கித் தயங்கிப் போகுது, துடுப்பும் துடுப்பும் டக்கு டக்குன்னு இடிக்குது, பக்கத்துல ஜேசி (ஜூனியர் காலேஜ்) பொண்ணுங்க டீம் ஒண்ணு அலட்டிக்காம எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க. மேளச் சத்தத்தைக் காது குடுத்துக் கேட்டுத்தான் போடுறோம், அப்புறம் ஏன் சேர மாட்டேங்குது?

இன்னொண்ணு, போன சனிக்கிழமை எங்க பையன் ஒருத்தனுக்கு பாதி பயிற்சில தலை சுத்தி ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மொத நாள் டபுள் பேட்ச், அதாவது ஒரே நாள்ல ரெண்டு தடவ காய்ச்சுறது, நாள் முழுக்க கொதிக்கிற கெட்டில் பக்கத்துல நின்னவன். அவனைப் பாத்து பயந்துட்டேன். கைல கொப்புளம் வேற எல்லாருக்கும். இந்த டீமை நல்லபடியா கரை சேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காலாங்_துடுப்பு:
அண்ணே நான் ஒம்பது வருஷமா துடுப்பு போடுறேன். மொதல்ல மேளத்தைக் கேக்குறதை விடுங்க, முன்னாடி பாருங்க. மொத வரிசைல ஒக்கார்ற ரெண்டு பேர்தான் பேசர், அவங்க கை போறதைப் பாத்துத்தான் மேளக்காரரே அடிக்கணும். நீங்க சத்தம் கேட்டப்புறம் துடுப்பை இறக்குனா அது எப்பவும் லேட்டுதான், அதுவும் கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள இன்னும் இழுத்துடும். பேசரோட மேல் கை கண்ணுல படணும், அது எறங்குறப்ப உங்க கையும் எறங்கணும், அவ்ளோதான். அடுத்த பயிற்சில பாதி நேரம் மேளமே வேணாம்னு கோச்சைக் கேட்டுப் பாருங்க, அஞ்சு வலி (ஒரு தடவ துடுப்பை இழுக்குறது ஒரு வலி) போட்டுட்டு துடுப்பை மேல நிறுத்தி வைங்க, யாரு முன்ன யாரு பின்னன்னு அப்ப தெரிஞ்சுடும்.

அடுத்தது, பலசாலிங்க எல்லாரும் கையாலயே இழுப்பாங்க, நீங்களும் அதான் பண்றீங்கன்னு நெனைக்கிறேன். இடுப்பத் திருப்பி, காலை போட் அடில முட்டுக் குடுத்து, ஒடம்பால இழுக்கணும். நீங்க மேஷ் டன்ல, அதான் மால்ட்டை சுடுதண்ணில ஊற வைக்கிற தொட்டில, சக்கையை வாருவீங்கல்ல? என் கசின் ஒருத்தர் ப்ரூவரில இருந்தாரு, அவர் வாருறதைப் பாத்திருக்கேன், மம்மட்டியை நீட்டி உள்ள விட்டு இடுப்போட திரும்பி வெளிய தள்ளுவாரு. அதே அசைவுதான் லா இது. ஆனா எப்பவும் ஒரே பக்கமா வாருறவங்களுக்கு அந்தப் பக்கம்தான் வரும், அதனால யாரு எந்தக் கைன்னு கேட்டு சீட் போடுங்க, வலதும் இடதும் வெயிட் சமமா இருக்கணும். கனமான ஆளுங்க நடு மூணு வரிசை.

உங்க அக்காவை பேசரா போடுங்க. பந்தை விடாம பிடிக்கிற கண்ணு அது.

தேஓகொசோங்:
நான் ஒத்துக்க மாட்டேன். அக்கா மேளத்துக்குத்தான். நாற்காலி மேல நின்னு டீமையே பாத்துக்கிட்டவங்க, குரல் குடுக்கத் தெரிஞ்சவங்க, அவங்க மொகத்தைப் பாத்தா பசங்களுக்கு கடைசி 50 மீட்டர்ல தெம்பு வரும். மேளத்துல ஒக்கார்றவங்க மட்டும்தான் டீமோட மொகத்தைப் பாத்து ஒக்கார்றாங்க, அதை யோசிங்க.

நான் எழுத வந்தது கொப்புளத்தைப் பத்தி. நானும் ப்ரூவரிதான், செல்லர் வேலை, அதான் பியர் டேங்குகளைப் பாத்துக்குறது. பயிற்சி முடிஞ்சு கொப்புளம் ஒடஞ்ச கையோட திங்கக்கிழமை டேங்க்ல கிருமியை அழிக்கிற பெராசெட்டிக் ஆசிட் கலக்கப் போனேன், கையுறைல எங்கயோ ஊசி முனை அளவு ஓட்டை, உள்ளங்கைல ஒரு சொட்டு எறங்குச்சு பாருங்க, உயிர் போயிடுச்சு. பதினஞ்சு நிமிஷம் பைப்பு தண்ணில கைய நீட்டிக்கிட்டே நின்னேன். அதனால ஒடஞ்ச கொப்புளம் இருக்குற ஆளை அந்த வாரம் காஸ்டிக் (கழுவுற காரம்), ஆசிட் பக்கம் விடாதீங்க, டேங்க் கழுவுற வேலையை வேற ஆளுக்கு மாத்துங்க. பியருக்கும் அதுதான் நல்லது, புண்ணு கையோட ஈஸ்ட் பக்கம் போறது சரியில்ல. துடுப்போட மேல் பிடிய இறுக்கிப் பிடிக்கிறதாலதான் பாதி கொப்புளம், தளத்திப் பிடிங்க, விரல் அடில ஸ்போர்ட்ஸ் டேப் சுத்துங்க.

ஈசூன்_மெடிக்:
அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா மத்ததெல்லாம் விட அதுதான் முக்கியம். என்எஸ்ல (தேசிய சேவை) மெடிக்கா இருந்தேன். வெயில்ல தலை சுத்தி புல்லரிச்சா அது ஒடம்பு சூடு தாங்கலன்னு குடுக்குற சிக்னல், உடனே நிறுத்தி நிழல்ல படுக்க வச்சு, சட்டையை தளத்தி, ஈரத்துணி, விசிறி. பேச்சு கொளறுச்சு, ஆளு குழம்புறான்னா யோசிக்கவே வேணாம், 995க்கு போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

மொத நாள் கெட்டில் பக்கத்துல நாள் முழுக்க நின்னவன் காலைல எழும்போதே தண்ணி கம்மியாத்தான் இருந்திருப்பான். டபுள் பேட்ச் போட்டவங்களை அடுத்த நாள் டேங்க் பாக்க விடுங்க, வாரா வாரம் ஒரு ஆளை எப்படியும் விட்டுட்டுத்தானே போறீங்க. வெள்ளி ராத்திரி பியர் வேணாம்னு கண்டிப்பா சொல்லுங்க. மைஎன்வி ஆப்ல (அரசாங்க வானிலை ஆப்) டபிள்யூபிஜிடி, அதான் வெயிலும் ஈரப்பதமும் சேர்த்துக் கணக்குப் போடுற சூட்டு அளவு, பாருங்க, 31 டிகிரிக்கு கீழ இருந்தா பரவால்ல, 31 தாண்டினா ஓய்வைக் கூட்டுங்க, 33 வந்துட்டா புதுசா பழகுறவங்களை தண்ணில எறக்காதீங்க. பயிற்சி எட்டு மணின்னா ஏழுக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. இந்த மாசங்கள்ல விடிகாலைல சுமத்ரா ஸ்குவால் (சுமத்ரா பக்கமிருந்து வர்ற இடி மழைக் காத்து) அடிக்கும், வானம் மேற்கால கருத்து வந்தா இடி மின்னல் அலர்ட்டைப் பாக்காம எறங்காதீங்க. லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் சேர்த்துத்தான்.

100 ப்ளஸ் (கேஸ் உள்ள ஸ்போர்ட்ஸ் பானம்) குடிக்கிறதா இருந்தா மூடியைத் திறந்து கேஸைப் போக விட்டுட்டு குடிங்க, வயிறு உப்பிட்டு குனிஞ்சு துடுப்பு போட முடியாது. கேஸ் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா!

மால்ட்மூட்டை:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, பிரிண்ட் எடுத்து பிரேக் ரூம்ல ஒட்டிட்டேன். ரோஸ்டரையும் மாத்தியாச்சு, வெள்ளிக்கிழமை இனிமே ஒரே பேட்ச்தான், மொதலாளிகிட்ட பேசிட்டேன், அவரும் சரின்னுட்டாரு. அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கான், இந்த வாரம் டேங்க் பாத்துக்குறது அவன்தான்.

இன்னைக்கு காலைல ஏழு மணிக்கே எறங்குனோம், மேளம் இல்லாம. மொத பத்து நிமிஷம் அதே டக்கு டக்கு. அப்புறம் கோச் எல்லாரையும் பேசரோட மேல் கையை மட்டும் பாக்கச் சொன்னாரு, ஒரு இருபது வலி இருக்கும், திடீர்னு சத்தமே நின்னு போச்சு, பத்து துடுப்பும் ஒண்ணா உள்ள போற அந்த ஒரே 'சளப்' மட்டும் கேட்டுச்சு, போட் அடில தண்ணி வழுக்கிக்கிட்டு ஓடுறது தொடைல தெரிஞ்சுது. யாரும் பேசல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அக்காகிட்ட பேசரா மேளமான்னு ரெண்டையும் சொன்னேன். ரெண்டையும் ட்ரை பண்ணிட்டு சொல்றேன்னாங்க. அடுத்த சனி மேளத்துல ஒக்கார்றாங்க.