மறு: யூஸ்டேஷியன் குழலுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழலுக்கு என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> நடுச்செவிக்குழல் என்றால் போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் கேட்பவருக்கு அது நடுச்செவிக்குள்ளேயே ஓடும் குழல் என்றுதான் படும். மறுமுனை எங்கே போய்த் திறக்கிறது என்பது பெயரில் இல்லை. எனக்கு அந்த முனைதான் முக்கியம்.

எங்கள் தருமபுரிப் பக்கம் பனிக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நாலைந்து நாளில் காது வலிக்கிறதென்று அழும், சில நேரம் சீழும் வடியும். குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்கும் என்று சொல்லி, எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவார்கள். கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. தொண்டைப் பக்கமிருந்து இந்தக் குழல் வழியாகத்தான் ஏறுகிறது. செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் நடுச்செவியை எட்டாது. கிழிந்திருந்தால் எண்ணெய் விடவே கூடாது. பெரியவர்களுக்கு இந்தக் குழல் சுமார் 3.5 செ.மீ. நீளம், காதிலிருந்து நன்றாகச் சரிந்து இறங்கும். கைக்குழந்தைக்கோ குட்டை, ஏறக்குறைய படுக்கைவாட்டம். அதனால்தான் சளியும், படுக்கவைத்துப் புகட்டிய பாலும் எளிதாக உள்ளே போய்விடுகின்றன. பெயரிலேயே தொண்டை இருந்தால் தாய்மாரிடம் இதை விளக்குவது எவ்வளவு சுலபம்!

ஆகவே என் பரிந்துரை: தொண்டை-செவிக்குழல். உம்மைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. ‘தொண்டைச்செவி’ என்று எழுதினால் தொண்டைக்கு ஒரு செவி என்று பொருள் மாறிவிடும்.

> மூக்குத்தொண்டை என்பதல்லவா துல்லியம்?

உண்மை, மூக்குக்குப் பின்புறம்தான் திறக்கிறது. அதை வரையறையில் சொல்லிவிடலாம். மூக்குத்தொண்டை-நடுச்செவிக்குழல் என்பது செவிலியர் வாயில்கூட நிலைக்காது.

> விவரித்தவர் பெயரை நீக்குவது முறையா?

16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பார்த்தலோமியோ யூஸ்டாக்கியின் உழைப்பு பெரிது. வரலாற்றுக் குறிப்பில் அவர் பெயர் கட்டாயம் வேண்டும். ஆனால் உலக உடற்கூறியல் பெயர்ப்பட்டியலே ஆள் பெயர்களைத் தவிர்த்துவிட்டது. நாம் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

அப்புறம், அழுத்தம். வத்தல்மலையிலிருந்து வண்டியில் இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. விழுங்கும்போது குழல் திறந்து காற்று புக, இரு பக்கமும் சமமாகிறது. அப்போதுதான் பறையும், நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற சிற்றெலும்புகளும் தடையின்றி அதிரும். இதுவும் வரையறையில் வந்தாக வேண்டும். என் வரைவு:

தொண்டை-செவிக்குழல்: மூக்குக்குப் பின்னுள்ள தொண்டையின் மேற்பகுதியை நடுச்செவியோடு இணைக்கும் குழல். பெரும்பாலும் மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றழுத்தத்தைச் சமன்செய்யும், நடுச்செவியில் சுரக்கும் நீரைத் தொண்டைக்கு வடிக்கும்.

‘செவிக்குழல்’ என்று தனியாக எழுதினால் வெளிக்காதின் துளையோடு குழம்பும். அதனால் எந்த இடத்திலும் முன்பாதியை விட்டுவிட வேண்டாம்.