பனி உருகிய பிறகு ஸ்லெட் நாய்கள் என்ன செய்கின்றன? பார்த்தவர்கள் எழுதுங்கள்

பள்ளிக்கரணைப் பறவை

சறுக்குவண்டி இழுக்கும் ஸ்லெட் நாய் என்றாலே பனி, பந்தயம், வாயிலிருந்து புகை. நான் பார்த்தது அதற்கு நேர்மாறு. நார்வேயின் வடக்கே டிரோம்சோவில் மேற்படிப்பு படித்தபோது, கோடை விடுமுறைக்குச் சென்னை வர டிக்கெட் காசு இல்லாமல், ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பண்ணையில் வேலைக்கு நின்றேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாடு, பஸ் செலவு, அவ்வளவுதான். மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை அங்கே சூரியன் மறையாது. இரவு பதினொரு மணிக்கும் கண் கூசும். ஆனால் குளிர் என்னவோ நம்ம மார்கழியைவிட அதிகம்.

காலையில் முதல் வேலை, வாளியும் மண்வாரியுமாகப் போய்க் கழிவை அள்ளுவது. சாயங்காலமும் அதே. முகம் சுளிக்கிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. எந்த நாய்க்கு வயிறு சரியில்லை, எதற்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று பண்ணைக்காரம்மா அதைப் பார்த்துத்தான் சொல்வார். அப்புறம் தண்ணீர். வெறும் தண்ணீரை இந்த நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இறைச்சியோ மீனோ கொஞ்சம் கரைத்து வாசனை காட்டினால் ஒரே மூச்சில் காலி.

ஜூனில் உள்முடி கொத்துக் கொத்தாக உதிரும். வாரிவிட வேண்டும், நகம் வெட்ட வேண்டும். மரக்கூடுகளைக் கவிழ்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். கடித்துக் குதறின வாசலில் தகரம் அடிக்க வேண்டும். வண்டி இழுக்க நாய்க்கு மாட்டும் வார்ப்பட்டைகள் கிழிந்திருந்தால் தைக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது காலுறை வேலை. பனிக்கட்டி பாதத்தை அறுக்காமல் இருக்க நாய்க்கு மாட்டும் சின்னத் துணிப்பை அது. அலாஸ்காவின் இடிடரோட் என்ற நாய்வண்டிப் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டு காலுறை இருந்தே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. எங்கள் பண்ணையில் அவை மூட்டை மூட்டையாக இருந்தன. ஓட்டை விழுந்தது ஒரு பக்கம், வெல்க்ரோ பிய்ந்தது ஒரு பக்கம் என்று பிரிக்க அக்கம்பக்கத்துப் பாட்டிமார் வந்து உட்காருவார்கள். காபி, வாஃபிள், ஊர்வம்பு. நார்வேக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தப் பண்ணைக்கு வருமானம் குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்களை வண்டியில் ஏற்றுவதில்தான். நாய்களோ பன்னிரண்டு மாதமும் சாப்பிடும். கோடையை ஓட்டுவது ஊர்க்காரர்களின் தயவில். மீன் வெட்டும் கொட்டகையிலிருந்து தலையும் வாலும் வரும், கறிக்கடையிலிருந்து கொழுப்பு வரும். பதிலுக்கு, செப்டம்பரில் மலையில் மேயும் ஆடுகளை இறக்கும்போது பண்ணை ஆட்கள் எல்லோரும் போய் நிற்பார்கள். நானும் போனேன், ஆட்டை விரட்டினேன் என்பதைவிட ஆடுகள் என்னை விரட்டின என்பதுதான் சரி.

அந்த உறவு எவ்வளவு மெல்லியது என்பதும் தெரிந்தது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை அந்த நாட்டில் நாய்களைக் கட்டியோ அடைத்தோதான் வைக்க வேண்டும் என்று சட்டம். மேய்கிற ஆடுகளுக்காகவும், குட்டி போடும் காட்டு விலங்குகளுக்காகவும். அந்த வடக்கின் பூர்வகுடிகளான சாமி என்ற மக்களின் கலைமான்களும் கோடையில் கடலோரத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் ஒரு இளம் நாய் சங்கிலியிலிருந்து நழுவிப் பக்கத்து மேட்டுக்கு ஓடிவிட்டது. எந்த ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பண்ணைக்காரம்மா அன்றைக்கே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நடந்ததைத் தானே சொல்லிவிட்டு வந்தார். அடுத்தவர் வாயிலிருந்து கேள்விப்பட்டால் மீன் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

ரெண்டாவது மாடி

சார், ஒரு சந்தேகம். அவ்வளவு மாதம் ஓடாமல் இருந்தால் நாய்க்குப் பைத்தியம் பிடிக்காதா? என் பையன் இந்த ஸ்லெட் நாய் இனத்தில் ஒரு ஹஸ்கி வாங்கித் தரச்சொல்லி உயிரை எடுக்கிறான். நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே.

பள்ளிக்கரணைப் பறவை

ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். குட்டிகளைக் கூட்டமாகக் காட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப் போவோம், பெரியவற்றை ஏரியில் நீந்தவிடுவோம். வேகமாக இழுக்கவிட்டால் சூடேறி விழுந்துவிடும் என்று பயம். ஆகஸ்ட் கடைசியில் குளிர ஆரம்பித்ததும் நான்கு சக்கர ஏடிவி வண்டியில் பூட்டிப் பயிற்சி தொடங்கும். பத்து டிகிரிக்கு மேலே போனால் அன்றைக்கு லீவு. வார்ப்பட்டையை வெளியே எடுத்த முதல் நாள் அந்தப் பண்ணையில் எழுந்த சத்தம் இருக்கிறதே, மாட்டாத நாய்கள் எல்லாம் "என்னை ஏன் விட்டாய்" என்று குதிக்கின்றன. மேடவாக்கம் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். நான் சொன்னால் பையனுக்கு என்மேல் கோபம் வரும்.

வேப்பேரி கம்பவுண்டர்

நான் சொல்கிறேன். வேண்டாம். கால்நடை மருத்துவமனை ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், அக்னி நட்சத்திரம் வந்தால் ஹஸ்கி வரும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். எச்சில் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது ஆவியாவதே கஷ்டம். வெயில் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இன்னொன்று. முடி அதிகமாக இருக்கிறதே என்று மொட்டை அடித்துக் கூட்டி வருகிறார்கள். அந்த மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. வாரி உள்முடியை எடுத்தால் போதும். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம்ம சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமூட்டும் இருந்தன. நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஏற்கெனவே வளர்க்கிறவர்களைத் திட்டி என்ன பயன்? புரசைவாக்கத்தில் ஒரு குடியிருப்பில் மே மாதம் முழுக்க ஒரு ஹஸ்கியை நாலு வீட்டார் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதை நேரில் பார்த்தேன். மதியம் எந்த வீட்டில் ஏசி ஓடுகிறதோ அங்கே படுத்திருக்கும். விடியற்காலை நடை ஒருவர் பொறுப்பு, தயிர்சாதம் ஒருவர் பொறுப்பு. பறவை சார் சொன்ன மீன்காரரும் பாட்டிமாரும் இங்கேயும் இருக்கிறார்கள்.

ஐசிஎஃப் ஓய்வு

பெண் அமெரிக்காவில் இருப்பதால் ஒரு கோடையில் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போனோம். பூங்கா ரேஞ்சர்களுக்கென்றே அங்கே ஒரு நாய்க்கூடம் உண்டு. 1920களில் வேட்டைத் திருடர்களைப் பிடிக்க ரோந்து போவதற்காக ஆரம்பித்தது. இன்றைக்கும் குளிர்காலத்தில் நாய் வண்டியில்தான் போகிறார்கள், ஏனென்றால் பூங்காவின் உட்பகுதி, சுமார் 20 லட்சம் ஏக்கர், இயந்திர வண்டிகளைத் தவிர்க்கும் காப்புப் பகுதி.

கோடையில் அந்த நாய்களுக்கு வேலை நம்மைப் போன்ற ஆட்களைச் சமாளிப்பது. சக்கரம் வைத்த வண்டியைச் சரளைப் பாதையில் ஒரு சுற்று இழுத்துக் காட்டுகின்றன. அந்த ஒரு நிமிடத்துக்காக, வண்டியில் பூட்டாத நாய்கள் எல்லாம் கூரைமேல் ஏறி நின்று கத்துகின்றன. முப்பது வருடம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவன் நான், அந்தச் சத்தம் எனக்கே அதிகம்.

என்னைக் கவர்ந்தது வேறு. பக்கத்தில் குடியிருப்பவர்களும் பருவகால ஊழியர்களும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்து, ஆளுக்கொரு நாயைத் தினமும் நடத்திக் கூட்டிப் போகிறார்கள். கோடை முழுக்க ஒருவருக்கு அதே நாய். ஒன்பது வயதானதும் நாய்க்கு ஓய்வு, விண்ணப்பித்தவர்களில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். என் மனைவி உடனே "நமக்குக் கொடுப்பார்களா" என்றார். பெரம்பூர் என்று சொன்னால் அந்த ரேஞ்சர் பெண் என்ன சொல்லியிருப்பாரோ.

சைதை சிப்பி

எல்லோரும் பனி நாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை இல்லாத வேலைநாய் நம்மிடமும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தவை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைநாய்க்கு நிரந்தர ஆஃப் சீசன்தான். எங்கள் சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்று இருந்தது, நாட்டு இனங்களைக் காப்பாற்ற 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சின்ன வயதில் சுவருக்கு அந்தப் பக்கம் சாயங்காலம் தீனி நேரத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே பாட்டி விளக்கு ஏற்றுவார். பையனுக்கு நாய் வேண்டுமென்றால் ஒரு கன்னி வாங்கிக் கொடுங்கள். ஓட இடம் வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

யூகான் தோஸ்து

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன், இப்போது தரமணியில். பந்தயத்தில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை நீங்கள் படத்தில் பார்க்கும் நீலக்கண் ஹஸ்கி அல்ல. அலாஸ்கன் ஹஸ்கி என்பார்கள். பதிவு பெற்ற இனம் கிடையாது, ஓட்டத்துக்காகக் கலந்து கலந்து எடுத்தது. ஒல்லியாக, நம்ம தெருநாய் மாதிரிதான் இருக்கும். பந்தய நாட்களில் அந்த உடம்பு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரை எரிக்கும்.

அதற்கான தீனி கோடையில் ஆற்றிலிருந்து வரவேண்டும். யூகான் ஆற்றோரக் கிராமங்களில் நீரோட்டத்தில் சுழலும் மீன்பிடி சக்கரம் வைத்து, சம் என்ற வகை சால்மன் மீனைப் பிடித்துக் கீறிக் கம்பத்தில் உலர்த்துவார்கள். ஒரு குடும்பம் முழுக்க, அத்தை, மாமா, பேரப்பிள்ளைகள் என்று மீன் முகாமில் போய்த் தங்குவார்கள். மனிதனுக்கு ஒரு பங்கு, நாய்களுக்குப் பெரும் பங்கு. 2020க்குப் பிறகு சம் மீன் வரத்து சரிந்தது. 2021இல் வீட்டுத் தேவைக்குப் பிடிப்பதையும் நிறுத்தினார்கள். மூட்டைத் தீனி விமானத்தில் வந்து இறங்கும்போது விலை எங்கேயோ போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாய்களின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்குப் போகிறது என்று அந்தப் பெரியவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மீன் முகாம் நின்றதில் அவருக்கு நாயைவிடப் பெரிய வருத்தம், பேரன்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்க இனி எங்கே போவது என்பது. அங்கே மீன் கீறும் மேசையில்தான் அவர்கள் கதை பேசுவார்கள்.

ரெண்டாவது மாடி

பையனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஹஸ்கி வேண்டாமாம், இப்போது கன்னி வேண்டுமாம். ஓட இடம் இல்லையே என்றேன். பள்ளிக்கரணைப் பக்கம் அதிகாலையில் நடக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முதலில் இவனை ஒரு மாதம் ஐந்து மணிக்கு எழுப்பி அனுப்புகிறேன். எழுந்தால் பார்க்கலாம்.

பள்ளிக்கரணைப் பறவை

அனுப்புங்கள். பழைய டீ-ஷர்ட் போட்டு வரச்சொல்லுங்கள், என்னுடன் வரும் இரண்டு தெருநாய்களும் மேலே ஏறும். ஒரு பையும் கொண்டு வரட்டும், அள்ளுவதில் ஆரம்பிப்போம்.